கண் ஒட்டிய கோணல் பல்

ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் அம்மா தயவில்தான் என்று சில்லு சொல்லிக்கொண்டு திரிவாள். அம்மா காதில் விழுந்தால், "பாதியெல்லாம் இல்லடி, ஒரு தெரு இருக்கும்" என்பார்.

அம்மாவுக்குப் பல்செட் செய்கிற லேப்பில் வேலை. பல் டாக்டர்கள் வாய்க்குள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாக அம்மா பல் கட்டிக் கொடுப்பார். அங்கே முடியாத வேலையை ஈரத் துணியில் சுற்றி வீட்டுக்கும் கொண்டுவருவார். சமையலறை ஜன்னலோரம் அதற்கென்று ஒரு மேசை இருந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. வேலை முடிந்த செட்டுகள் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். கோணலாகப் போனவை, நிறம் ஒவ்வாதவை, கை தவறி உடைந்தவை எல்லாம் டப்பாவுக்குள் போய்விடும்.

வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். டப்பா சில்லுவுக்கு. கிண்ணத்துப் பக்கம் அவள் விரல் நுனிகூடப் போகக் கூடாது.

சில்லு என்பது பள்ளிக்கூடத்தில் கூப்பிடும் பெயர் இல்லை. அவள் முன்பல்லில் ஓரமாகக் கொஞ்சம் உடைந்திருக்கும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். "பல் செய்றவங்க பொண்ணுக்கே உடைஞ்ச பல்லா?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்பார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சில்லுவோ அந்தப் பல் தெரியும்படிதான் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தை போன் காட்டும். நாம் தேடிக் கண்டுபிடித்துத் திறக்கலாம். உள்ளே குட்டிக் குட்டிச் சாமான்கள் இருக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அம்மாவின் பழைய போனில், திரையில் விரிசல் விட்டிருந்தாலும், அந்த விளையாட்டு நன்றாகவே ஓடியது.

மற்றவர்கள் சாவிக்கொத்து, கோலிக்குண்டு, ரப்பர் தவளை என்று வைப்பார்கள். சில்லு பல் வைப்பாள். டப்பாவிலிருந்து ஒரு பல்லை எடுத்து, உருளும் விழி கொண்ட இரண்டு பிளாஸ்டிக் கண்களை அதில் ஒட்டிவிடுவாள். ஆட்டினால் பல் நம்மைத் திருதிருவென்று பார்க்கும். "சில்லுவோட பல் கிடைச்சுது!" என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் போனில் எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். சில்லு மேசைக்கு வந்தாள். டப்பாவுக்குப் பக்கத்தில், ஈரத் துணிமேல், ஒரு சின்ன செட் இருந்தது. ஈறு நிறத் தகட்டில் மேல்வரிசை முன்பற்கள். அதில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

சில்லு பல் செய்கிறவரின் மகள். நல்ல பல் எது, கெட்ட பல் எது என்று அவளுக்குத் தெரியாதா? இது கோணல். டப்பாவில் போட வேண்டியதை அம்மா மறந்து துணிமேல் வைத்துவிட்டார் என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

"அம்மா, டப்பாலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கறேன்!" என்று கத்தினாள்.

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று கையை ஆட்டினார்.

எது என்று அம்மா கேட்கவில்லை. துணிமேல் இருப்பது என்று இவளும் சொல்லவில்லை.

இருப்பதிலேயே பெரிய கண்களாகப் பார்த்துத் தகட்டில் ஒட்டினாள். அந்தக் கோணல் பல்லுக்கும் அந்த முழிக்கும் அப்படி ஒரு பொருத்தம். நூலகத்துக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டின் கீழே ஒரு பெட்டி உண்டு. அதில் பல்லை வைத்துவிட்டு, ஒரு குட்டி ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மதியத்துக்குள் 'தொப்பி' என்கிற பெயரில் ஒருவர் எழுதிவிட்டார். "இத்தனை நாள்ல இதுதான் சூப்பர்! சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு!"

சில்லு அதைப் பலமுறை படித்தாள். கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சில்லு, இங்க துணி மேல ஒரு செட் வெச்சிருந்தேனே, பாத்தியா?"

அம்மா டப்பாவைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை ஏற்கெனவே கிளறி முடித்திருந்தார்.

"எந்த செட்டும்மா?"

"சைக்கிள் கடைக்காரரோடதுடி. ஒரு பல்லு கோணலா இருக்குமே."

"கோணலா இருந்தா... அது டப்பாவுக்குத்தானே?"

"வேணும்னே கோணலா செஞ்சது அது!" அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவர் பொண்டாட்டிக்கு மறதி நோய். ஹோம்ல வெச்சுப் பாத்துக்கறாங்க. பேரு, ஊரு எல்லாம் மறந்துபோச்சு. ஆனா இவர் போய்ச் சிரிச்சா மட்டும் அந்தக் கோணப் பல்லப் பாத்து அவங்களும் சிரிப்பாங்களாம். போன மாசம் கடை வாசல்ல சைக்கிளோட விழுந்து மனுஷனுக்கு முன்பல்லு மொத்தமும் போச்சு. அதுலேர்ந்து அந்தம்மா இவரப் பாத்து 'நீ யாரு'ன்னு கேக்கறாங்க. பழைய போட்டோவக் குடுத்து, அச்சு அசலா அதே மாதிரி வேணும்னு கேட்டார். அந்த ஒரு பல்ல நான் எத்தனை தடவ பிச்சுப் பிச்சு வெச்சேன் தெரியுமா? பகல் வெளிச்சத்துல போட்டோவோட ஒருதரம் வெச்சுப் பாக்கலாம்னுதான் கிண்ணத்துல போடல."

சில்லு போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ பாத்தியா, இல்லையா?"

"பாக்கலையே" என்றாள் சில்லு.

அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த பிறகு திருப்பி விழுங்கவும் முடியவில்லை.

அம்மா அதை அப்படியே நம்பினார். மேசைக்கு அடியில் படுத்துத் தேடினார். குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கொட்டித் தேடினார். சில்லுவும் கூடவே மண்டிபோட்டுத் தேடினாள். இல்லாத இடத்தில் இல்லாத பொருளைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் லேப் முதலாளி போன் செய்தார். அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"தொலைஞ்சுபோச்சுன்னா என்னம்மா அர்த்தம்? அச்ச உடைச்சுத்தானே செட்ட வெளிய எடுத்தோம்? மறுபடி அந்த மனுஷன் வாயில அளவெடுக்கணும். டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என் கவனக்குறைவுதான் சார். நானே திரும்பச் செஞ்சு தரேன்."

"நீங்க செஞ்சது போதும். இனிமே முன்பல் வேலை உங்களுக்கு வேண்டாம். பிளாஸ்டர் மாவு கரைச்சு அச்சு ஊத்துற வேலையப் பாருங்க. வீட்டுக்கு எதையும் எடுத்துட்டுப் போகவும் வேண்டாம்."

"சரி சார்" என்றார் அம்மா.

அம்மாவின் கைக்கு முன்பல் வேலை எப்படி வரும் என்று சில்லுவுக்குத் தெரியும். ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மூச்சே விடாமல் உட்கார்ந்திருப்பார். இனிமேல் அந்தக் கை மாவு கரைக்கப் போகிறது. 'என் கவனக்குறைவு' என்று அம்மா சொன்னபோது, அந்த 'என்' ஊசியாகக் குத்தியது. அது அம்மாவுடையதே இல்லை, சில்லுவுடையது.

பள்ளிக்குப் போகும் முன்பே தொப்பிக்கு எழுதினாள். "தயவுசெஞ்சு அந்தப் பல்லைக் குடுத்துடுங்க. அது ஒருத்தர் வாயில போட வேண்டிய பல்."

பதில் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. "அய்யய்யோ! நிஜப் பல்செட்டா? நல்ல சாமான் ஊர் சுத்தட்டுமேன்னு தண்ணீர்த் தொட்டிகிட்ட இருக்கிற பெட்டியில நேத்தே வெச்சுட்டேனே!"

சில்லு ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் உடைந்த குழாய் ஒன்று கிடந்தது. அதற்குள் கையை விட்டுப் பெட்டியை இழுத்தாள். மேலே ஒரு விசில், அதன் கீழே ஒரு பொத்தான் அட்டை, பிறகு ஒரு பிளாஸ்டிக் வாத்து. எல்லாவற்றையும் மடியில் கொட்டினாள். அடியில், காகிதத்தில் சுற்றி, அது இருந்தது.

இவள் ஒட்டிய கண் போதாதென்று வேறு யாரோ அதற்குக் கறுப்புக் கம்பளி நூலில் மீசையும் ஒட்டியிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் சில்லு உருண்டு புரண்டு சிரித்திருப்பாள். அன்றைக்கு மீசையைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

போகும் முன் பையிலிருந்த ரப்பர் செருப்பைப் பெட்டியில் வைத்தாள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் அம்மா ஜன்னலோர மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வேலை எதுவும் இல்லை. சில்லு, முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பல்லை அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தான்மா எடுத்தேன். கோணல்னு நெனச்சுப் பெட்டியில வெச்சுட்டேன்."

அம்மா அந்தக் கண்களையும் மீசையையும் பார்த்தார்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டேம்மா."

"பாக்கலைன்னு சொன்னே."

"ஆமா."

திட்டு வரும் என்று சில்லு காத்திருந்தாள். இரண்டு அடி விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. எதுவும் வரவில்லை. அம்மா எழுந்து பிஸ்கட் டப்பாவை, உள்ளே சில்லு போட்டு வைத்திருந்த கண்களோடு சேர்த்து, குப்பைக்கூடையில் கொட்டினார். பிறகு டப்பாவைக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு சில்லுவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது.

மீசை சுலபமாக வந்துவிட்டது. கண்களைப் பிரிப்பதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது. தேய்த்து மெருகேற்றிய பிறகும் தகட்டில் மெல்லிய கீறல் ஒன்று நின்றுவிட்டது. கிடைத்துவிட்டது என்று முதலாளிக்குப் போன் செய்தபோது, "கிடைச்சா சந்தோஷம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் அவர்.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா சில்லுவையும் டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். சைக்கிள்காரர் ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். நகக்கண்ணில் எல்லாம் கிரீஸ். டாக்டர் பல்லைப் பொருத்திக் கண்ணாடியைக் கொடுத்தார். சைக்கிள்காரர் கோணல் பல்லை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்து, "அடேய், வந்துட்டியாடா?" என்று அந்தப் பல்லிடமே கேட்டார்.

அம்மா சில்லுவின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

சில்லு சொன்னாள். கண் ஒட்டியது, பெட்டியில் வைத்தது, பார்க்கவில்லை என்று பொய் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சைக்கிள்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. "விளையாட்டுக்கா எடுத்தே?"

"தெரியாம எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"நேத்து நான் போய் உக்காந்ததும் அவ நர்ஸைக் கூப்பிட்டா. 'யாரோ ஆம்பளை ரூமுக்குள்ள வந்துட்டான், வெளிய அனுப்புங்க'ன்னு. நான் வெராந்தாவுல நின்னுட்டு வந்தேன். இந்தப் பல்லு மட்டும் நேத்து வாயில இருந்திருந்தா அப்படிக் கூப்பிட்டிருப்பாளா?" அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மன்னிப்பெல்லாம் அப்புறம். வா, வந்து பாரு. என்னப் பாத்ததும் எப்படிச் சிரிக்கிறான்னு உன் கண்ணால பாரு."

ஹோம் அடுத்த தெருவில்தான் இருந்தது. போகிற வழியெல்லாம் சைக்கிள்காரர் உதட்டை மூடிக்கொண்டே நடந்தார், சிரிப்பைச் செலவழிக்காமல் கொண்டுபோகிறவர் மாதிரி. அம்மா பின்னால் வந்தார்.

சின்ன அறை. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் பிரித்து, மறுபடி மடித்தார். சைக்கிள்காரர் வாசலில் நின்று தலையைக் கையால் கோதிக்கொண்டார். பிறகு உள்ளே போய், முழு வாயையும் திறந்து சிரித்தார்.

அந்த அம்மாளின் கை நின்றது. முகம் மெல்ல மலர்ந்தது. சில்லுவுக்கு மூச்சு வந்தது.

"அந்தப் பல்லு!" என்றார் அவர். "அது எங்க வீட்டுக்காரர் பல்லாச்சே!"

"நான்தாம்மா அது. உன் வீட்டுக்காரன்தான்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "நீங்க யாரு? அவர் பல்ல நீங்க எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"நல்லாப் பாரும்மா..."

"கழட்டுங்க! பாவம், பல்லில்லாம அவர் எப்படிச் சாப்பிடுவார்? திருடிக்கிட்டு வந்து என்கிட்டயே சிரிச்சுக் காட்டறீங்களா?"

சைக்கிள்காரரின் கை வாய்வரைக்கும் போனது. நிஜமாகவே கழற்றிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. வாசலில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருடியது யார் என்று அந்த அறையில் சில்லுவுக்குத்தான் நன்றாகத் தெரியும். பள்ளிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். சனிக்கிழமையே செய்து வைத்த கடைவாய்ப்பல் ஒன்று அதில் இருந்தது. டப்பா காலியான பிறகு அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். வெளியே எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

"அவர் சும்மா எடுக்கலீங்க. ஒண்ணு எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு வைக்கணும். அதுதான் ரூல். இந்தாங்க, பதிலுக்கு."

அந்த அம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பல்லின் கண்கள் உருண்டன.

"இது எங்க பாக்குது?"

"உங்களத்தான்."

அவர் பல்லை ஆட்டினார். கண்கள் மறுபடி உருண்டன. "முழியப் பாரேன், முழிய!" என்று களுக்கென்று சிரித்தவர், சட்டென்று சில்லுவை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுட்டா எடுத்தார்?"

"கேக்கல" என்றாள் சில்லு. "கேக்காம எடுத்தது தப்புதான். அதுக்குத்தான் இத வெச்சுட்டுப் போக வந்தோம்."

அந்த அம்மாள் யோசித்தார். பல்லைக் கைக்குட்டையில் வைத்து நான்காக மடித்தார்.

"போகட்டும். எங்க வீட்டுக்காரர் வந்தா நான் சொல்லிக்கறேன். அவர் ரொம்பக் கோவக்காரர்லாம் இல்ல." பிறகு சைக்கிள்காரரைப் பார்த்தார். "நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க."

சைக்கிள்காரர் உட்கார்ந்தார். நேற்று வரைக்கும் வெராந்தாவில் நின்றவர், இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிய மனைவிக்கு முன்னால், விருந்தாளி மாதிரி, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. இன்னாரென்று அந்த அம்மாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பேச்சு முழுவதும் 'எங்க வீட்டுக்காரர்' பற்றித்தான். அவர் எப்படி சைக்கிள் ஓட்டுவார், எப்படி விசில் அடிப்பார் என்றெல்லாம் அவரிடமே சொன்னார். அவரும், "அப்படீங்களா? அப்படீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார். "நாளைக்கு வருவீங்களா?"

"வரலாமுங்களா?"

"வாங்க. ஆனா வெறுங்கையோட வரக் கூடாது. பாப்பா சொல்லுச்சில்ல? ரூல்."

தெருவுக்கு வந்ததும் சைக்கிள்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அம்மாவும் சில்லுவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாக்கெட்டில் கையைவிட்டுத் துழாவினார். ஒரு சைக்கிள் மணியின் மூடி வெளியே வந்தது. உருண்டையாக, பளபளவென்று இருந்தது.

"ஏம்மா, நாளைக்கு இது ஆகுமா?"

சில்லு வாங்கிப் பார்த்தாள். விரலால் சுண்டினாள். கணீரென்றது.

"ஆகும்" என்றாள். "ஆனா கண்ணு ஒட்டணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனிமேல் கண்ணுக்கு எங்கே போவது? பயந்துகொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பார்த்தபடி சொன்னார்.

"அந்த செட்லேர்ந்து பிச்ச கண்ணு ரெண்டும் டிராயர்லதான் இருக்கு. நான் ஒண்ணும் தூக்கிப் போடல."